மறுமொழி: என்.டி. ஃபில்டருக்கு என்ன சொல்? ‘தணிப்பி’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கொல்லிமலை ஆகாய கங்கை அருவியை மார்கழி வெயிலில் படமெடுப்பது எப்படி என்று புதிதாகக் கேமரா பிடிப்பவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். முக்காலி, ஷட்டர், லென்ஸ் எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. லென்ஸின் முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் சாம்பல் கண்ணாடியான என்.டி. (நியூட்ரல் டென்சிட்டி) ஃபில்டருக்குத் தமிழ்ச்சொல் தேடுவதில்தான் வண்டி நின்றுவிட்டது. வந்த பரிந்துரைகளுக்கெல்லாம் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> ‘நடுநிலை அடர்த்தி வடிகட்டி’ என்றே வைத்துவிடலாமே. கண்ணாடியின் மேல் அச்சடித்திருப்பதும் அதுதானே?

ஐயா, அடர்த்தி என்றதும் பள்ளிப் பிள்ளைக்கு நிறையைப் பருமனால் வகுக்கத்தான் தோன்றும். இங்கே சொல்லும் அடர்த்தி வேறு. ஒளியை எத்தனை மடங்கு குறைக்கிறதோ, அதன் மடக்கை அது. 8 மடங்கு குறைத்தால் 0.9, 1000 மடங்கு குறைத்தால் 3.0. பெயரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் தராசில் வைக்கப் போகிறவனை நாம் குறை சொல்ல முடியாது.

வடிகட்டியும் எனக்கு ஒட்டவில்லை. டீ வடிகட்டியில் தூள் தங்கும், டீ இறங்கும். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பதுதான் அதன் வேலை. சிவப்புக் கண்ணாடிக்கு அந்தப் பெயர் தகும். எல்லா நிறத்தையும் ஒரே அளவில் குறைக்கும் சாம்பல் கண்ணாடிக்குத் தகாது.

அந்தக் கண்ணாடிக்கு அருவியடியில் என்ன வேலை என்று பார்த்தால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன். கொல்லிமலை வட அகலாங்கு 11 பாகை சொச்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் உச்சி வெயிலே தெற்கே சாய்ந்து 55 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஜூன் 21 வாக்கில் 78 பாகை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு போனால் சுமார் 300 அடி உயரத்திலிருந்து நல்ல தண்ணீர் விழும். வெயில் பள்ளத்துக்குள் இறங்குவதற்கு முன் எடுப்பதுதான் நல்லது. பாதி அருவி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தால் மேலே தண்ணீர் வெளுத்து, வெறும் வெள்ளைக் காகிதம் போலாகிவிடும். கீழே பாறை கறுத்துவிடும். அதற்கு முழுதும் ஒரே அளவில் கறுத்த இந்தக் கண்ணாடி உதவாது, காத்திருப்பதே வழி.

நிழலில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11 வைத்தால் ஷட்டர் திறந்திருக்க ஏறக்குறைய 1/15 நொடி கிடைக்கும். தண்ணீர் இழை இழையாக வர அரை நொடியாவது வேண்டும். 8 மடங்கு குறைக்கும் கண்ணாடியை மாட்டினால் 1/15 அரை நொடியாகிறது. நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தும் 1/100 நொடிதான். அங்கே 64 மடங்குக் கண்ணாடி வேண்டும். துளையை எஃப்/22 வரை சுருக்கிச் சமாளிக்கலாமே என்பார்கள். சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படத்தின் கூர்மை போய்விடும்.

ஆக, அதற்கு ஒரே வேலைதான்: வெயிலின் வீறைக் குறைப்பது.

> ‘தணிவில்லை’ எப்படி?

யாழ்ப்பாணத்து நண்பரே, ‘தணி’யைப் பிடித்துக் கொடுத்தது நீங்கள்தான், நன்றி. ஆனால் சேர்த்து எழுதினால் ‘தணிவு இல்லை’ என்றல்லவா படிக்கிறது! காசு கொடுத்து வாங்கியவன் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடுவான். அதோடு, வில்லை என்றால் ஒளியை வளைக்க வேண்டும். இது வெறும் தட்டைக் கண்ணாடி.

‘தணி’யை மட்டும் வைத்துக்கொள்வோம். ‘வெயில் தணியட்டும், கிளம்பலாம்’ என்கிறோம். வெயில் வெயிலாகவே இருக்கிறது, வீறுதான் குறைகிறது. ‘நடுநிலை’ என்று தனியாக ஒட்ட வேண்டியதே இல்லை. அந்தப் பொருள் வினைக்குள்ளேயே இருக்கிறது. எனவே முதல் முறை ‘ஒளித்தணிப்பி’, அதன் பிறகு ‘தணிப்பி’. ‘தணிப்பான்’ என்றும் சொல்லலாம். ஒலிபெருக்கி, மின்மாற்றி வரிசையில் இகரம் வாய்க்கு வாட்டமாக இருப்பதால் நான் அதன் பக்கம்.

கிளைச்சொற்களும் வருகின்றன. மேல்பாதி கறுத்துக் கீழே தெளியும் கண்ணாடி ‘சரிவுத்தணிப்பி’. திருகித் திருகி அளவு மாற்றுவது ‘மாறுதணிப்பி’.

அன்புடன்,
நாமக்கல்லிலிருந்து

———

தம்பி,

தணிப்பி நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. போலரைசரும் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளியைக் குறைக்கிறதே (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதி), அதுவும் தணிப்பியா? உங்கள் மாறுதணிப்பிக்குள் இருப்பதும் இரண்டு போலரைசர்கள்தான். இன்னொன்று, மலிவுக் கண்ணாடிகள் அகச்சிவப்பை விட்டுவிடுவதால் படம் செம்பழுப்பாக வருகிறது. நிறம் மாறாது என்று பெயரிலேயே உறுதி கொடுக்கலாமா?

சேலத்திலிருந்து, ஓர் இயற்பியல் ஆசிரியை

———

அம்மா,

போலரைசரை நாம் மாட்டுவது வெளிச்சத்தைக் குறைக்க அல்ல. நனைந்த பாறையும் இலையும் வானத்தைக் காட்டிக்கொண்டு வெள்ளையாக மினுங்குகின்றன. கண்ணாடியை மெல்லத் திருப்பும்போது ஒரு கட்டத்தில் மினுக்கம் விலகி, பாசியின் பச்சையும் பாறையின் கருமையும் எழுந்து வரும். தண்ணீர்ப் பரப்பானால் செங்குத்திலிருந்து 53 பாகையில் அந்த வேலை உச்சம். வெளிச்சம் குறைவது கூடவே வரும் செலவு. போலரைசேஷனைத் தமிழ்நாட்டுப் பாடநூல் தளவிளைவு என்கிறது, இலங்கையில் முனைவாக்கம். அந்த வழக்கைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். மாறுதணிப்பியில் அந்த இரண்டும் சேர்ந்து செய்வது தணிப்பு வேலை, ஆகவே பெயர் செல்லும். அகன்ற கோண லென்ஸில் அது குறுக்குக் கறை போடுவதைக் கட்டுரையில் எச்சரித்திருக்கிறேன். செம்பழுப்பு விவகாரம் பண்டத்தின் குறை. கசிகிற குடையையும் குடை என்றுதானே சொல்கிறோம்?

சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பார்க்க, கட்டுரையிலிருந்து ஒரு பத்தி:

“முதலில் குவியத்தைச் சரிசெய்து பூட்டுங்கள். பிறகு 10 படித் தணிப்பியைத் திருகி மாட்டுங்கள்; மாட்டிய பின் காட்சித்துளையில் இருட்டுதான் தெரியும், தானியங்கிக் குவியமும் தடுமாறும். சாரல் காற்றோடு வரும் இடம் இது. தணிப்பியின் மேல் ஒரு துளி உட்கார்ந்தாலும் படத்தில் மங்கல் திட்டு விழும். துடைக்கும் துணியைப் பைக்குள் வைக்காமல் சட்டைப்பையில் வைத்திருங்கள்.”

இதில் ஸ்டாப்புக்குப் ‘படி’ என்று போட்டிருக்கிறேன்: ஒரு படி இறங்கினால் ஒளி பாதி. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும் என்பதால் அந்தக் கட்டுரையில் மட்டும் கொஞ்சம் குழப்பம் வரும். வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். சனிக்கிழமை கட்டுரையை ஏற்றிவிடுவேன்.