எக்ஸோசோம் பெல்லட்டில் என்னென்ன வந்து சேர்கிறது?

சுழற்றிய குழாயின் அடியில் படியும் பெல்லட் பெரிதாக வந்துவிட்டால், செல்கள் வெளிவிடும் நுண்குமிழ்களான எக்ஸோசோம் நிறையக் கிடைத்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். செல்லுக்குள் எண்டோசோம் என்ற பையின் சவ்வு உள்நோக்கிக் குழிந்து, சின்னச் சின்னக் குமிழ்களாகக் கிள்ளுப்படுகிறது. குமிழ்கள் நிறைந்த அந்தப் பை செல்லின் வெளிச்சவ்வோடு இணைந்து திறக்கும்போது அவை வெளியே கொட்டுகின்றன; அவைதான் எக்ஸோசோம்கள். 1983-இல் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு செம்மறியாட்டின் முதிராத சிவப்பணுக்களிலும், ஃபிலிப் ஸ்டால் குழு எலியின் முதிராத சிவப்பணுக்களிலும் பார்த்தது இதைத்தான். டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை (இரும்பைச் சுமக்கும் புரதத்தைப் பிடிப்பது) அந்தச் செல்கள் இந்த வழியாகக் கழித்துவிடுகின்றன. அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். வெளிச்சவ்விலிருந்தே நேராக மொட்டுவிடும் வெசிக்கிள்களிலும் (சவ்வுக் குமிழ்கள்) 150-க்குக் கீழானவை உண்டு. ஆகவே அளவை மட்டும் காட்டி "எக்ஸோசோம்" என்று எழுதுவது தப்பு.

---

கெடுதல் பெரும்பாலும் வளர்ப்புத் தட்டிலேயே தொடங்கிவிடும். செல் வளர்க்கும் திரவமான மீடியாவில் சேர்க்கும் மாட்டுக்கன்றுச் சீரத்திலேயே வெசிக்கிள்கள் ஏராளம். அதை 1,00,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு விசையில்) 16 முதல் 18 மணி நேரம் சுழற்றி, மேல்திரவத்தை மட்டும் எடுத்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். சீரமே இல்லாத மீடியாவில் செல்களைப் பட்டினி போட்டால் பல செல்வகைகள் தாங்காது. செத்த செல்லின் துண்டுகளும் பெல்லட்டில் ஏறிவிடும். அறுவடை நாளில் செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பான் புளூ சாயம் போட்டு எண்ணுங்கள். உயிருள்ளவை 95 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த மீடியா வேண்டாம்.

---

சுழற்றும் வரிசை: 300 ஜி 10 நிமிடம், 2,000 ஜி 10 நிமிடம், 10,000 ஜி 30 நிமிடம். இந்த மூன்றிலும் பெல்லட்டை விட்டுவிட்டு மேல்திரவத்தை எடுக்க வேண்டும். பிறகு 1,00,000 ஜி 70 நிமிடம். வடிகட்டிய பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கழுவி, அதே வேகத்தில் இன்னொரு முறை. எல்லாம் 4 டிகிரியில். கடைசிப் பெல்லட் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. சாய்கோண ரோட்டரில் வைக்கும்போதே குழாயின் வெளிப்பக்கத்தை மார்க்கரால் குறித்துவிடுங்கள். அடியில், அந்தப் பக்கச் சுவரில்தான் ஒட்டியிருக்கும். குறிக்காமல் திரவத்தை உறிஞ்சினால் பெல்லட்டும் கூடவே போய்விடும்.

---

புரதங்களை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில், எக்ஸோசோம் அடையாளப் புரதங்களான சிடி63, சிடி9 பட்டை வரவில்லை என்றால் முதலில் பஃபரைப் பாருங்கள். பல ஆன்டிபாடிகளுக்கு டைசல்ஃபைடு பிணைப்பை அறுக்கும் டிடிடி, மெர்காப்டோஎத்தனால் எதுவும் சேர்க்கக் கூடாது. டைசல்ஃபைடு பிணைப்பு அறுந்தால் அவை பிடிக்கும் இடமே குலைந்துவிடும். இன்னொரு அடையாளப் புரதமான டிஎஸ்ஜி101-க்கு அந்தத் தொல்லை இல்லை. எண்டோபிளாச வலையின் புரதமான கால்னெக்சினையும் கட்டாயம் ஓட்டுங்கள், செல் லைசேட்டை (செல்களை உடைத்த கரைசல்) பக்கத்திலேயே வைத்து. வெசிக்கிள் வரிசையிலும் அது தெளிவாகத் தெரிந்தால் உடைந்த செல்லின் எண்டோபிளாச வலை கலந்திருக்கிறது.

ரத்த மாதிரி என்றால் உறைதலைத் தடுக்கும் ஹெப்பரின் போட்ட குழாய் வேண்டாம், பின்னால் பிசிஆரை (டிஎன்ஏவைப் பெருக்கும் சோதனை) தடுக்கும். பிளாஸ்மாவை 2,500 ஜி-யில் 15 நிமிடம் இரண்டு முறை சுழற்றித் தட்டணுக்களை நீக்கிய பிறகே உறையவையுங்கள்.