பழைய கேம்பர் வேன் இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸ் ஆகுமா?

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ், 25 வருஷப் பழைய கேம்பர் வேன் (உள்ளயே படுத்துத் தங்குற வசதி உள்ள வண்டி) வாங்கிருக்கேன், அடுத்த மாசம் சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன், பின்சக்கரத்துக்கு மேல பெயின்ட் உப்பி நிக்குது, விரலால அழுத்துனா பொருபொருன்னு உதிருது. ஃபெயில் பண்ணிடுவாங்களா?

பதில் 1: துரு எங்க இருக்குங்கறதுதான் முக்கியம்ங்க. வெளித்தகடோட நின்னா பரவால்ல, ஆனா சேஸிஸ், சஸ்பென்ஷன் மவுன்ட், சீட் பெல்ட் போல்ட் மாட்டுற இடத்துக்குப் பக்கத்துல அரிச்சிருந்தா பெரும்பாலும் ஃபெயில்தான். தயவுசெஞ்சு பட்டி பூசி மூடிடாதீங்க, அரிச்சதை வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வச்சு வெல்ட் பண்ணுங்க, உயிர் விஷயம்.

பதில் 2: டயரையும் பாருங்க. ரொம்ப நாள் நின்ன வண்டின்னா பட்டன் தேஞ்சிருக்காது, ஆனா ரப்பர்ல வெடிப்பு விட்டிருக்கும். டயரோட பக்கவாட்டுல DOTனு எழுத்துல ஆரம்பிக்கிற கோட் நம்பர்ல கடைசி 4 நம்பர் 2316னா 2016ல 23வது வாரம் செஞ்சது.

கேள்வி கேட்டவர்: நன்றிண்ணா, இப்பதான் போய்ப் பாத்தேன், 1109!