‘தி க்ரூயல் பிரின்ஸ்’ படித்த அனுபவம்

ஹாலி பிளாக் 2018-இல் எழுதிய ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ நாவலைப் போன வாரம் படித்து முடித்தேன். அடுத்த இரண்டு பாகங்களும் கைவசம் இருக்கின்றன. அவற்றைத் தொடுவதற்கு முன்னால் இதைப் பற்றிப் பேசிவிட வேண்டும் போலிருக்கிறது. முதல் பாகத்தின் முடிவு வரை சொல்லப் போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கதை கொலையில்தான் தொடங்குகிறது. மனிதர்கள் வாழும் ஊரில் ஒரு சாதாரண வீடு. ஏழு வயது ஜூட், அவளோடு பிறந்த இரட்டை டாரின், ஒன்பது வயது அக்கா விவியன். கதவைத் தட்டுகிறவன் மேடாக், ஃபேரிகள் என்ற மாய இனத்தாரின் படைத்தளபதி. இவர்களுடைய அம்மா ஒரு காலத்தில் அவன் மனைவி. வயிற்றுப் பிள்ளையோடு தப்பி வந்தவள். அந்தப் பிள்ளைதான் விவியன். அப்பாவையும் அம்மாவையும் பிள்ளைகளின் கண்ணெதிரே வெட்டிச் சாய்த்துவிட்டு, மூன்று பேரையும் ஃபேரிகளின் நாடான எல்ஃபேமுக்குக் கூட்டிப் போகிறான். மனைவி பெற்ற பிள்ளைகள் தன் பொறுப்பு என்பது அவனுடைய நியாயம். அப்புறம் பத்து வருஷம் நல்ல தகப்பனாகவே வளர்க்கிறான். வாள் பிடிக்கவும் போர்த் தந்திரமும் அவன்தான் கற்றுத் தருகிறான். ஜூட்டுக்கு அவன் மேல் பாசமும் உண்டு. பெற்றவர்களைக் கொன்றவன் மேல் பாசம் வைப்பது எப்படிப்பட்ட சிக்கல் என்பதைக் கடைசி வரை ஆசிரியர் மழுப்பவே இல்லை. இந்த நாவலில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. இந்த உலகத்து ஃபேரிகளால் பொய் சொல்ல முடியாது. பொய்யே இல்லாத அரண்மனையில் சூழ்ச்சிக்கு என்ன வேலை என்று தோன்றும். அங்கேதான் ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சொல்லும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மீதியைச் சொல்லாமல் விடுவதில்தான் வேலையே நடக்கிறது. கேள்வி கேட்டால் இன்னொரு கேள்வியைப் பதிலாகத் தருகிறார்கள். ‘உனக்குத் தீங்கு செய்ய மாட்டேன்’ என்று ஒருவன் சொன்னால், ‘இன்று’ என்று சொன்னானா, ‘என் கையால்’ என்று சொன்னானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பாதிக்கு மேல், ஃபேரி யாராவது வாயைத் திறந்தாலே அந்த வரியை இரண்டு தடவை படிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அந்த ஊரில் தாராளமாகப் பொய் சொல்ல முடிந்தவர்கள் மனிதர்கள் மட்டும்தான். மற்றபடி ஜூட்டிடம் எதுவும் இல்லை. மாய வித்தை கிடையாது, சாகா உடம்பு கிடையாது. ஃபேரிகளின் மயக்கு மந்திரத்துக்கு ஆளாகாமல் இருக்க ரோவன் மரத்துப் பழங்களைக் காய வைத்துக் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள். சாப்பாட்டில் தூவ உப்பு வைத்துக்கொள்கிறாள். விஷம் ஏறாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தையே தின்று உடம்பைப் பழக்குகிறாள். இளவரசன் டெய்ன் அவளை ஒற்றுவேலைக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அவளால் பொய் சொல்ல முடியும் என்பதுதான். அவர்கள் மட்டமாகப் பார்க்கும் மனிதப் பிறவியே அவளுக்கு ஆயுதமாகிவிடுகிறது.

ஒரு கடிதம் வருகிறதே, அதைச் சொல்லியே ஆக வேண்டும். மூத்த இளவரசன் பலெகினின் மாளிகைக்குள் வேலைக்காரிபோல் நுழைந்து, ஒரு விஷக் காளான் பற்றிய துண்டுக் கடிதத்தை ஜூட் கண்டெடுக்கிறாள். டெய்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று அவளுக்குப் படுகிறது, நமக்கும் அப்படியே படுகிறது. பல பக்கங்கள் தாண்டித்தான் விளங்குகிறது, அது நடக்கப்போகும் கொலையைப் பற்றிய கடிதமே அல்ல, பல வருஷங்களுக்கு முன் நடந்து முடிந்தது. கொன்றவன் யார் என்பது தெரிந்ததும், வீட்டில் ஓடி விளையாடும் குட்டித் தம்பி ஓக் யாருடைய பிள்ளை என்பதும் தெரிந்துவிடுகிறது. கடிதத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. திரும்பிப் போய் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன், அவ்வளவு நேர்த்தி.

டெய்னின் முடிசூட்டு விழாவில் மேடாக் வாளை உருவியதும் அரச குடும்பமே அழிகிறது. அந்த மணிமுடியை அந்த ரத்தத்தில் வந்தவர் தலையில், அந்த ரத்தத்தில் வந்த இன்னொருவர்தான் வைக்க முடியும் என்பது விதி. மிஞ்சியவர்கள் பலெகின், கடைசி இளவரசன் கார்டன், அரச ரத்தம் என்று யாருக்கும் தெரியாத ஓக். பள்ளிக்காலம் முழுக்கத் தன்னை வதைத்த கார்டனிடமே ஒரு வருஷமும் ஒரு நாளும் தனக்குக் கட்டுப்பட வேண்டும் என்று சத்தியம் வாங்குகிறாள் ஜூட். ஓக் ராஜாவாகப் போகிறான் என்றுதான் கார்டன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவள் அவனை மண்டியிடச் சொல்லி, ஓக்கின் கையால் அவன் தலையிலேயே முடியை வைக்க வைக்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

நீங்கள் படித்தபோது எப்படி இருந்தது? எழுதுங்கள்.

* * *

அக்கா, நீங்கள் டாரினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. எனக்கு இந்த நாவல் டாரினுடையதும்தான். நாங்களும் அக்கா தங்கை, ஒரே அறையில் வளர்ந்தவர்கள், அதனாலோ என்னவோ.

எல்ஃபேமில் இடம் பிடிக்க மனிதப் பெண்ணுக்கு இரண்டே வழிதான். ஒன்று, பயந்து நிற்காமல் அவர்களையும் விடக் கொடியவளாவது, அது ஜூட்டின் வழி. இன்னொன்று, தலை குனிந்து போய்க் கல்யாணத்தின் மூலம் உள்ளே நுழைவது, அது டாரின். லாக் என்ற ஃபேரி இளைஞன் இரண்டு பேரோடும் காதல் விளையாட்டு ஆடுகிறான் என்பது தெரிந்தும் டாரின் வாய் திறப்பதில்லை. ஃபேரிகளின் தந்திரத்தை அப்படியே கற்றுக்கொண்டு, அவள் அதைத் தன் சொந்த இரட்டையிடமே காட்டுகிறாள். பிறகு இரண்டு பேரும் வாளெடுத்து மோதுகிறார்களே, அதைப் படிக்க எனக்கு மனசு கேட்கவில்லை. டாரினை மன்னிக்க முடியாது என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அவள் மேல் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம்.

* * *

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டதால், முதலில் நான் படித்தேன். கார்டன்போல் வில்லத்தனமான பையன் மேல் காதல் என்பது எனக்கு உறுத்தல்தான். அவனுக்கும் வீட்டில் அண்ணனிடம் அடி விழுகிறது என்று காட்டுகிறார்கள், சரி. அதற்காக அவன் செய்தது இல்லையென்று ஆகிவிடாது. கார்டனின் கூட்டாளி வலேரியன், மனிதரை மயக்கும் ஃபேரிப் பழத்தை ஜூட்டின் வாயில் திணிக்கும் இடமும், சுற்றி நின்று சிரிப்பவர்களும், பெரியவர்களுக்கே கஷ்டமான பக்கங்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது சோஃபி. பலெகின் வீட்டில் மயக்கத்தில் வேலை செய்யும் மனிதப் பெண். அவளுக்குத் தான் அடிமை என்பதே தெரியாது. ஜூட் அவளை மீட்டு வெளியே கொண்டு வருகிறாள். மயக்கம் தெளிந்ததும் தனக்கு என்ன நடந்தது என்பது சோஃபிக்குப் புரிகிறது, அதைத் தாங்க முடியாமல் பைகளில் கல்லை நிரப்பிக்கொண்டு கடலில் விழுந்துவிடுகிறாள். காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியைக் கதை கொடுத்த வேகத்தில் பிடுங்கிக்கொள்கிறது. மகளுக்கு இன்னும் ஒன்றிரண்டு வருஷம் கழித்துக் கொடுக்கப் போகிறேன், அதுவும் கூட உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்போது.

* * *

ஸ்காட்லாந்து நாட்டார் கதைகள் பிடிக்கும் என்பதால் நான் வேறு வாசல் வழியாக இதற்குள் வந்தேன். எல்ஃபேம் என்ற பெயரே பழசு, அங்கே நடந்த சூனிய வழக்குகளில் ஃபேரிகளின் அரசியை ‘எல்ஃபேமின் அரசி’ என்று குறிப்பிடுகிறார்கள். மேடாக் ஒரு ரெட்கேப். தொப்பியை ரத்தத்தில் நனைத்துக்கொள்ளும் அந்த இனம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்புறக் கதைகளில் உண்டு. ரோவன், உப்பு, இரும்பு எல்லாமே பாட்டிகள் காலத்துக் காப்புகள்.

பொய் விஷயத்துக்கு ஒரு கதை. தாமஸ் என்ற பாட்டுக்காரனை ஃபேரி அரசி ஏழு வருஷம் கூட்டிப்போவதாக ஒரு பழைய கதைப்பாடல் இருக்கிறது. பொய்யே வராத நாக்கை அவனுக்கு வரமாகத் தருகிறாள். அவன் பதறிப்போகிறான். அந்த நாக்கை வைத்துக்கொண்டு சந்தையில் எப்படி வாங்குவது விற்பது, பிரபுக்களிடம் எப்படிப் பேசுவது என்று கேட்கிறான். ஜூட்டிடம் ஃபேரிகள் ஏன் தோற்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்கா, இரண்டாம் பாகத்தின் கடைசியில் கார்டன் ஓர் ஆணை போடுவான். அந்த வாக்கியத்தை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். கோபம் வரும், வரட்டும். மூன்றாம் பாகத்தைத் திறப்பதற்கு முன்னால் உங்களுக்கு என்ன தோன்றியது என்று இங்கே எழுதிவிட்டுப் போங்கள்.