புதுப்பிப்பு: கட்டுரை நோட்டுத் திருத்தம்

ஏழாம் வகுப்பே நோட்ஸைப் பார்த்து ஒரே கட்டுரையை எழுதுகிறது, எப்படித் திருத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். "தலைப்பைச் சின்னதாக்குங்க" என்று ஒருவர் சொன்னது கைகொடுத்தது. 'மழைநீர் சேகரிப்பு' போய், 'தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம்'. முன்னுரை, முடிவுரை கட்டாயமில்லை. "குடத்த வரிசையில வச்சிட்டு அம்மா சோறு வடிக்கப் போயிடுவாங்க, நான்தான் காவல்" என்று எழுதியிருக்கிறான் ஒருத்தன். ர, ற குழப்பம் ஏராளம், இருக்கட்டும். முதல் தடவை சிவப்பு மை கிடையாது, ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும்: "யாராவது குடத்தை நகர்த்தினாங்களா?" திரும்ப எழுதின பிறகுதான் மதிப்பெண். இது வளரறி மதிப்பீட்டின் (பாடம் நடக்கும்போதே போடுவது) 40 மதிப்பெண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. பருவத் தேர்வான தொகுத்தறியின் 60-க்கு இன்னும் குறிப்புச்சட்டகம்தான், அதாவது கொடுத்த உட்தலைப்புகளை வைத்து எழுதுவது. அங்கே என்ன செய்கிறீர்கள், சொல்லுங்கள்.