அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பாடல்களை வயலினில் வாசிப்பவர்கள் உதவ முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். சிறுவயது முதல் கர்நாடக முறையில் வயலின் கற்றவள். இப்போது மேற்கத்திய சுருதி அமைப்பில் அனிமே பாடல்களை வாசித்துப் பழகுகிறேன்.

இப்பாடல்கள் பலவற்றில் கடைசிப் பல்லவி திடீரென்று அரைக் கட்டை சுருதி (ஒரு அரைச்சுரம்) மேலே ஏறிவிடுகிறது. நம் ராகமாலிகையில் எத்தனை ராகம் மாறினாலும் ஆதார சட்ஜம் (அடிப்படை 'ஸ') அசையாது. இங்கே சட்ஜமே இடம்பெயர்கிறது. இரண்டு கட்டை சங்கராபரணத்தில் (மேற்கத்திய முறையில் D மேஜர்) நான்கு திறந்த தந்திகளும் கைகொடுக்கின்றன. இரண்டரைக் கட்டைக்கு ஏறியதும் அவற்றில் இரண்டுதான் மிஞ்சுகின்றன, அதுவும் காந்தாரமாகவும் ('க') நிஷாதமாகவும் ('நி'). தந்திகளின் கூடவரும் அதிர்வு குறைந்து, பாட்டு பொங்க வேண்டிய இடத்தில் நாதம் மங்கிப்போகிறது.

பாட்டு முழுவதையும் ஒரே சுருதியில் வாசித்துவிடச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அந்த ஏற்றம்தான் பாட்டின் உயிர்.

ஏறும் இடத்தில் இடது கையை இரண்டாம் நிலைக்கு நகர்த்துவது நல்லதா, முதல் நிலையிலேயே விரல்களை நெருக்கி வைப்பதா? நாதம் மங்காமலிருக்க வில்லை எப்படிக் கையாளுகிறீர்கள்? விரல் எண்கள் குறித்த இசைத்தாள் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள்.

பெரம்பூர், ராயபுரம், கொளத்தூர் பக்கம் மேற்கத்திய வயலின் கற்பிக்கும் ஆசிரியர் இருந்தாலும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பாக இருந்தால் மிகவும் வசதி.