'தனிப்பட்ட பொறுப்பு' போதுமா? டிரஸ்டியின் பெர்சனல் லயபிலிட்டிக்கு ஒரு சொல்

நண்பர்களே,

டிரஸ்டுக்கு வந்த நட்டத்தை டிரஸ்டி சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்டவேண்டியிருப்பதுதான் பெர்சனல் லயபிலிட்டி. அதை 'டிரஸ்டியின் தனிப்பட்ட பொறுப்பு' என்று எழுதினால், அவர் தனியாகச் செய்யவேண்டிய வேலை என்றுதான் படிப்பவர் நினைப்பார். டூட்டிக்கும் (கடமை) லயபிலிட்டிக்கும் ஒரே 'பொறுப்பு'தான் ஓடுகிறது. 'கையீடு' என்று வைக்கலாமா? இழப்பீடு, காப்பீடு வரிசை. பணத்தை எடுத்தவர் செய்தது கையாடல். கவனிக்காமல் விட்டவர் தன் கைக்காசில் ஈடுகட்டவேண்டியது கையீடு.

—

ஐயா, சொல் எங்கே உட்காரவேண்டும் என்று முதலில் பார்ப்போம். 1882 இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்டுக்கானது. கோயில் அறங்காவலர் கதை வேறு.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் டிரஸ்டுக்கு நாலு கடை, மூன்று டிரஸ்டிகள் என்று வையுங்கள். ஒருவர் மட்டும் வாடகையை ரொக்கமாக வாங்குகிறார். ரசீதில் சேர்ந்து கையெழுத்துப் போட்டதற்காக மட்டும் மற்ற இருவரும் மாட்டமாட்டார்கள். பணம் எங்கே போனது என்று விசாரிக்காமல் இருந்தால் மாட்டுவார்கள்; முறைகேடு தெரிந்தும் நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டாலும் மாட்டுவார்கள். இது 26-ஆம் பிரிவு. டிரஸ்ட் கடமையை மீறியதில் கூட்டு இருந்தால், 27-ஆம் பிரிவுப்படி முழு நட்டத்தையும் ஒருவரிடமே வசூலிக்கலாம். அவர் பிறகு மற்றவர்களிடம் பங்கு கேட்டு அலையவேண்டியதுதான்.

ஆகவே வாடகை நேராக டிரஸ்ட் கணக்குக்கு, செக்குக்கு இருவர் கையெழுத்து, மாதாமாதம் பாஸ்புக்கை மூவரும் பார்த்து மினிட்ஸில் பதிவு. எதிர்ப்பை மினிட்ஸில் எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் போதாது.

ராஜினாமாக் கடிதம் கொடுத்துத் தப்பிக்கலாம் என்பதும் நடக்காது. டிரஸ்டி பதவியை ஏற்றபின் விலக டிரஸ்ட் பத்திரத்திலேயே வழி இருக்கவேண்டும். இல்லையேல் மேஜரான பயனாளிகளின் சம்மதம் அல்லது கோர்ட் அனுமதி வேண்டும் (பிரிவு 46). விலகினாலும் பழைய மீறல் கூடவே வரும்.

—

'கையீடு' எனக்கு ஒப்பவில்லை. தலையிடு, தலையீடு போல, கையிடு, கையீடு என்று மூக்கை நுழைப்பதாகக் கேட்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் 32-ஆம் பிரிவு. கடைகளின் சொத்துவரியை டிரஸ்டி கைக்காசில் கட்டினால், டிரஸ்ட் சொத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். திரும்பி வருவதும் கைக்காசு, வராததும் கைக்காசு என்றால் சொல் எதைப் பிரிக்கிறது? லயபிலிட்டிக்கு 'ஈட்டுப்பொறுப்பு', பெர்சனல் என்றால் 'சொந்த ஈட்டுப்பொறுப்பு' என்று வைப்போம்.

—

மின்ட் தெருப் பக்கம் ஈடு என்றால் அடகு நகைதான் நினைவுக்கு வரும்! இருந்தாலும் 32-ஆம் பிரிவு வாதம் சரி, கையீட்டை எடுத்துவிடுகிறேன். இனி 'டிரஸ்டியின் சொந்த ஈட்டுப்பொறுப்பு' என்றே எழுதுகிறேன். முழு நட்டத்துக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு என்னும் 27-ஆம் பிரிவுக்கு 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்பது நீளம். யாரிடமாவது இரண்டு சொல்லில் இருக்கிறதா?