வாக்கியம் முடியறதுக்குள்ள மூச்சு தீர்ந்துடுது: டப்பிங்ல இருக்கிறவங்க வழி சொல்லுங்க

கோவில்பட்டிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 26. ஒரு வருஷமா வளசரவாக்கத்துல தங்கி குரல் வேலை தேடிட்டு இருக்கேன். இதுவரைக்கும் க்ரவுட் வாய்ஸ் (கூட்டத்துல ஒருத்தரா பின்னணியில பேசறது), ரெண்டு ரேடியோ விளம்பரம், அப்புறம் ரூம்ல பீரோவைத் திறந்து சேலைங்களுக்கு நடுவுல மைக்கை வச்சுப் படிச்ச ஒரு ஆடியோ புத்தகம், அவ்வளவுதான்.

போன வாரம் முதல் தடவையா சீரியல்ல ஒரு அம்மா கேரக்டர் கிடைச்சது. வாசல்ல நின்னு மகன்கிட்ட சொல்றாங்க: "உங்கப்பா போட்ட கையெழுத்தை நம்பி வீட்டை எழுதிக் கொடுத்தவங்க யாரும் இன்னைக்கு வரைக்கும் இந்தத் தெருப்பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கலை." எனக்கு 'தெருப்பக்கம்' வரும்போதே மூச்சு முடிஞ்சிடுது. 'படுக்கலை' வெறும் காத்தா வருது. ஒன்பது டேக். "கடைசி வார்த்தை விழுதும்மா"ன்னு இன்ஜினியர் சொன்னார். சத்தத்தை ஏத்தினா, "கத்தாதீங்க, ப்ரொஜெக்ட் பண்ணுங்க"ங்கிறார். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? தினமும் பிராணாயாமம் பண்றேன், 50 விநாடி மூச்சை அடக்க முடியுது. ஆனா மைக் முன்னாடி ஒண்ணும் உதவலை. ராத்திரி தொண்டை கரகரன்னு இருக்கு.

மந்திரஸ்தாயி:

நான் டப்பிங் இல்லை, பாட்டு. விடியக்காலையில கீழ் ஸ்தாயியில, அதாவது தாழ்ந்த குரல்ல, அகார சாதகம் ('ஆ'ன்னு இழுத்துப் பாடற பயிற்சி) பண்ணுங்க. ஒரு ஸ்வரத்துல அசையாம நிக்கிறதுதான் மூச்சுக்குப் பயிற்சி. ஆரம்பத்திலேயே மேல போகாதீங்க.

லூப்_எண்_நாலு:

தங்கச்சி, நான் 19 வருஷமா இந்த வேலையில இருக்கேன். கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

மூச்சை அடக்கறது வேற, செலவு பண்றது வேற. அடக்கும்போது பெரும்பாலும் தொண்டையைப் பூட்டிடறோம். பேசும்போது தொண்டை திறந்தே இருக்கணும், காத்தை விலா எலும்பும் வயிறும்தான் பிடிச்சு நிறுத்தணும். தரையில மல்லாந்து படுத்து, தொப்புள் மேல ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டை வைங்க. மூச்சு இழுத்தா பாக்கெட் ஏறணும், தோள் அசையக் கூடாது. அப்புறம் 'ஸ்ஸ்...'னு விடுங்க. எத்தனை விநாடிங்கிறதை விட, சத்தம் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே கனமா இருக்கான்னு கேளுங்க. நடுவுல தடுக்கினா அங்கேயே நிறுத்திடுங்க. ஆரம்பத்துல என்னால 11 எண்ற வரைக்கும்தான் விட முடிஞ்சது.

உங்க டயலாக்குக்கு வர்றேன். நம்ம மொழியில வினைச்சொல் கடைசியிலதான் வரும். படுத்தாங்களா, படுக்கலையாங்கிறது கடைசி ரெண்டு எழுத்துலதான் இருக்கு. அது விழுந்தா அந்த அம்மாவோட கோபமே விழுந்துடும். நீங்க நெஞ்சு நிறைய காத்தை அடைச்சு, அதுல பாதியை 'உங்கப்பா போட்ட'ங்கிறதுலயே கொட்டிடறீங்கன்னு நினைக்கிறேன். ரொம்ப நிரப்பினாலும் இப்படித்தான் ஆகும், கழுத்து இறுகி முதல் வார்த்தை பீறிட்டு வரும்.

அதனால பின்னால இருந்து கட்டிப் பாருங்க. முதல்ல 'படுக்கலை' மட்டும். அப்புறம் 'தலைவச்சுக்கூடப் படுக்கலை'. அப்புறம் 'இந்தத் தெருப்பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கலை'. இப்படியே ஒவ்வொரு துண்டா முன்னால சேர்த்துக்கிட்டே போங்க. எங்க போய் இறங்கணும்னு உடம்புக்குத் தெரிஞ்சுட்டா, வழியில தானா சிக்கனமாயிடும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு சீனியர் அக்கா, டீக்கடை பெஞ்ச்ல உட்கார்ந்து. இன்னைக்கும் நீளமான டயலாக் வந்தா இதைத்தான் பண்றேன்.

முழுசையும் ஒரே மூச்சுல சொல்லணும்னும் இல்லை. 'நம்பி' முடிஞ்சதும் ஒரு இடம் இருக்கு, 'யாரும்' முடிஞ்சதும் இன்னொண்ணு. ஆனா ஸ்க்ரீன்ல அந்த நடிகை எங்க வாயை மூடறாங்கன்னு பாருங்க, அங்கதான் நீங்களும் எடுக்கணும். பேப்பர்ல பென்சிலால ஒரு சின்னக் கோடு போட்டுக்கோங்க. அவசரமா மூக்கால இழுத்தா மைக்ல விசில் மாதிரி விழும். 'ஆ' சொல்லப் போற மாதிரி வாயைத் தளர்வாத் திறந்தா காத்து சத்தமில்லாம உள்ள போகும்.

கத்தறதுக்கும் ப்ரொஜெக்ஷனுக்கும் வித்தியாசம் கேட்டீங்க. கத்தும்போது தொண்டையை நெரிச்சுக் காத்தைத் தள்றோம். ப்ரொஜெக்ட் பண்ணும்போது குரல் முகத்துல அதிரும். உதட்டை மூடி 'ம்ம்ம்'னு சொல்லுங்க, உதடும் மூக்குத்தண்டும் குறுகுறுக்கணும். அந்த அதிர்வை விடாம 'ம்ம்மா'ன்னு திறங்க. அந்த மகன் எத்தனை அடி தள்ளி நிக்கிறான்னு முடிவு பண்ணி, அங்க சுவத்துல ஒரு புள்ளியைப் பார்த்துச் சொல்லுங்க. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி, உரக்கச் சொல்ற இடத்துல இன்னொரு அரைச் சாண் பின்னால போங்க. மிச்சத்தை இன்ஜினியர் லெவல்ல பார்த்துப்பார்.

கரகரப்பை மட்டும் லேசா விடாதீங்க. 2011-ல நான் விட்டேன், குரல்நாண்ல முடிச்சு வந்து நாலு மாசம் வேலைக்குப் போகலை. அப்ப தெரபிஸ்ட் கொடுத்த பயிற்சியை இன்னும் பண்றேன்: அரை டம்ளர் தண்ணியில ஸ்ட்ராவை விட்டு, 'ஊ'ன்னு குரல் கொடுத்துக்கிட்டே குமிழி விடறது, அஞ்சு நிமிஷம். அடிக்கடி தொண்டையைச் செருமாதீங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க. மூணு வாரத்துக்கு மேல கரகரப்பு இருந்தா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கண்டிப்பாப் போங்க.

செய்யாறு_பையன்:

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். புரிசைப் பக்கம் எங்க ஊர், அப்பா தெருக்கூத்து கட்டினவர். விடிய விடிய ஆட்டம். அவர் பாட்டு வரியை முடிக்கும்போது பின்பாட்டுக்காரங்க அதை வாங்கிப் பாடுவாங்க, அந்த நேரத்துலதான் அப்பா மூச்சு எடுப்பார். முழங்காலை விறைக்க விடவே மாட்டார், விறைச்சா வயிறு இறுகிடும்னு சொல்வார். கடைசி வரிசையில பாயில உட்கார்ந்திருக்கிற கிழவிக்குச் சொல்ற மாதிரி வசனம் சொல்லுன்னு எனக்குச் சொல்லித் தந்தார். ஸ்டூடியோவுல நிக்கும்போது நானும் முழங்காலைத் தளர்த்திட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

கோவில்பட்டிக்காரி:

பன்னிரண்டு நாள் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் நன்றி. பின்னால இருந்து கட்டறது முதல் நாளே பிடிபட்டுச்சு. அரிசிப் பாக்கெட் ஏற ஒரு வாரம் ஆச்சு, அதுவரைக்கும் நெஞ்சுலதான் மூச்சு விட்டுட்டு இருந்திருக்கேன். நேத்து அதே சீரியல், அதே அம்மா. இன்னும் நீளமான டயலாக், மூணாவது டேக்ல ஓகே. கடைசி வார்த்தையை இன்ஜினியர் திரும்பக் கேட்கலை. கரகரப்பும் குறைஞ்சிருக்கு. அக்கா, அடுத்த எபிசோடுல அழுதுகிட்டே பேசற சீன் இருக்கு. அழும்போது வயித்துல பிடிச்சு வச்சதெல்லாம் கலைஞ்சிடுதே?

லூப்_எண்_நாலு:

கலையத்தான் செய்யும், அழுகைன்னா அதுதான். விசும்பல்ல காத்து உள்ள போகுது பாருங்க, அதையே உங்க மூச்சா வச்சுக்கோங்க, தனியா எடுக்காதீங்க. அப்புறம், அந்த லூப்பை (ஒரு தடவையில பேசற டயலாக் துண்டை) கடைசியா எடுக்கலாமான்னு இன்ஜினியர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. அழுது முடிச்ச தொண்டையோட சாதாரண டயலாக் பேசினா குரல் மாறிடும்.